மேற்கில் நின்றுபோகும் சுழல்

விசாரணைக் குழு என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பொண்ணு அன்னைக்கு போன்ல பேசிக்கிட்டு இருந்தாங்களா?" என்பது.

சித்திரை வெயிலில் ஏழு மாவட்டங்களுக்கு மின்சாரம் போய், பதினோரு பேர் இறந்திருந்தார்கள். சங்குமுனை அணுக்கரு இணைவு உலையான டோகாமாக்கின் உட்சுவர் உருகிக் கையகலத்துக்கு ஓட்டை விழுந்திருந்தது. அதைப் பற்றி விசாரிக்க ஏசி காரில் வந்து இறங்கிய மூன்று பெரிய மனிதர்களுக்கு, ஒரு பெண் போன் பேசினாளா என்பதுதான் முதலில் தெரிய வேண்டியிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இல்லை. பேசியிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது" என்றேன்.

என் பெயர் இசபெல்லா. சங்குமுனை அணுக்கரு இணைவு மின்நிலையத்தில் பிளாஸ்மா கணக்குப் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. எனக்கு வாய் நீளம் என்று தூத்துக்குடியில் பள்ளிக்கூடம் படித்த காலத்திலிருந்தே சொல்வார்கள். உண்மைதான். குழுவின் தலைவர், ஓய்வுபெற்ற நீதிபதி சிதம்பரநாதன், அந்த வாயைப் பற்றி முன்கூட்டியே கேள்விப்பட்டிருக்க வேண்டும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார்.

"நான் சட்டம் படிச்சவன்மா. எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. சுழற்சி நின்னுபோச்சு, சுழற்சி நின்னுபோச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. நின்னா என்ன?"

"சார் கோயிலுக்குப் போவீங்களா?"

"தினமும்."

"கற்பூரத் தட்டு வருது. சுடர் மேல கையை ஓட்டி எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிறீங்க. சுடுதா?"

"இல்லை."

"கையை அங்கேயே வச்சுக்கிட்டு நின்னா?"

"சுட்டுப் பொத்துடும்."

"அவ்வளவுதான் சார். உள்ள பத்து கோடி டிகிரிக்கு மேல கொதிக்கிற ஒரு வளையத்தைக் காந்தப்புலத்தால அந்தரத்துல பிடிச்சு வச்சிருக்கோம். அது எப்பப் பார்த்தாலும் ஏதாவது ஒரு பக்கம் புடைக்கப் பார்க்கும். வேகமா சுத்திக்கிட்டு இருக்கிற வரைக்கும் அந்தப் புடைப்பு சுவருக்கு முன்னால ஓடிக்கிட்டே இருக்கும், உலோகச் சுவர் அதை வளர விடாம அமுக்கிடும். சுழற்சி நின்னு புடைப்பு ஒரே இடத்துல உட்கார்ந்துட்டா, சுவரால கொஞ்ச நேரம்தான் தாக்குப்பிடிக்க முடியும். அப்புறம் மொத்த வளையமும் குலைஞ்சு சுவர்லயே வந்து மோதும்."

"சுத்த வைக்கிறது யாரு?"

"நாலு துகள் கற்றைகள். வளையத்துக்குள்ள ஒரு பக்கமா சாய்ச்சுப் பாய்ச்சுறோம். ராட்டினத்தை ஓரத்துல நின்னு தட்டி விடுற மாதிரி."

"அதுல ஒண்ணு அன்னைக்கு நின்னுபோச்சு."

"ஆமா. அப்பப்ப நிக்கும். மூணு ஓடினாலே போதும், தொடர்ந்து ஓட்டலாம்னு விதி. அன்னைக்கு ஆப்பரேட்டரா இருந்த மாரிச்செல்வியும் அதைத்தான் செஞ்சா. அவ இஷ்டத்துக்கு நிறுத்தினா திரும்பக் கிளப்ப ஒரு நாள் ஆகும், ஏழு மாவட்டமும் இருட்டுல கிடக்கும்."

"மூணு போதும்ங்கறது யார் கணக்கு?"

"என் கணக்கு."

"அது சரியான கணக்கா?"

"திரும்பத் திரும்பப் பார்த்துட்டேன் சார். சரி."

நீதிபதி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "அப்ப கணக்கு சரி. இயந்திரத்துல பழுது இல்லைன்னு இயக்குநர் சொல்லிட்டார். மிச்சம் இருக்கறது அந்தப் பொண்ணு மட்டும்தானே?"

என் கணக்கையே கயிறாகத் திரித்து அவள் கழுத்தில் போட்டுவிட்டார்கள்.

வெளியே வராந்தாவில் இயக்குநர் டாக்டர் கிருபாகரன் காப்பியோடு நின்றுகொண்டிருந்தார். "பாவம்தான் இசபெல்லா. ஆனா என்ன செய்யறது? கோட்டாவுல ஆள் எடுத்தா இப்படித்தான். தகுதி பார்த்து எடுத்திருந்தா..." என்று இழுத்தார்.

"அவ முதல் மார்க் வாங்கின பரீட்சையில உங்க மருமகன் மூணு தடவை தோத்தான் சார்" என்றேன். காப்பி அவர் சட்டையில் சிந்தியது. நான் நின்று துடைத்துவிடவில்லை.

நேரே மின்நிலையத்தை ஒட்டி இருந்த மாரிச்செல்வியின் குடியிருப்புக்குப் போனேன். அவள் கோவில்பட்டிப் பக்கத்துக்காரி, வயது இருபத்தேழு. அன்று கட்டுப்பாட்டு அறையில் ஆப்பரேட்டர் நாற்காலியில் இருந்தவள். வாசல் கதவைக் கழுவி விட்டிருந்தாள். அப்படியும் சாணிக் கறை போகவில்லை. யாரோ வாளி நிறையக் கரைத்து ஊற்றியிருக்கிறார்கள்.

"யாரு செஞ்சது?"

"சண்முகதுரைன்னு, முனையில மெக்கானிக் கடை வச்சிருக்காங்களே, அவங்க. அன்னைக்கு கரண்ட் போனதுல ஆக்சிஜன் மெஷின் நின்னு அவங்க அய்யா மூச்சு முட்டி செத்துட்டாங்க. உள்ள வாங்கக்கா."

"ஊருக்காவது போயிருக்கலாம்ல நீ?"

"போனா தப்பு செஞ்சிட்டு ஓடிட்டான்னு ஆயிரும்லா?"

அவள் டீ போட்டாள். ஒரு சொட்டு கீழே சிந்தவில்லை. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குத்தான் ஆத்திரம் பொங்கியது. "ஏ புள்ள, உனக்குக் கோவமே வராதா? வேலையை விட்டு நிறுத்தி வச்சிருக்கான், பதினோரு சாவை உன் தலையில கட்டுறான், கதவுல சாணியை ஊத்துறான். நீ டீ ஆத்திக்கிட்டு நிக்கிற!"

"நீங்க கோவப்பட்டா, மேடம் நேர்மையானவங்கம்பாங்க. நான் கோவப்பட்டா, இவ வாயப் பாரும்பாங்க. அதையும் சேத்து எழுதுவாங்க கேஸ்ல." டம்ளரை என் கையில் கொடுத்தாள். "கோவம் இல்லன்னு யாருக்கா சொன்னா?"

டீயைக் குடித்தேன்.

அவளே தொடர்ந்தாள். "அக்கா, ஒண்ணு கேக்கட்டா? விசாரணையில சொன்னேன், எவனும் காதுல வாங்கல. கற்றை கொஞ்சம் குறைஞ்சாலே சுழல் தயங்கும். இந்த ஒரு வருசமா நானே பல தடவை பாத்திருக்கேன். தயங்கும், நாலு கற்றையும் சேந்து தள்ளினதும் மறுபடி ஓடிரும். ஆனா தயங்குறப்பல்லாம் ஒரே பக்கத்துல வந்துதான் தயங்குது. மேற்குப் பக்கம். அன்னைக்கு நின்னதும் அங்கதான்."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

வட்டமான வளையத்துக்குக் கிழக்கு ஏது, மேற்கு ஏது? தானாகக் களைத்து நிற்பதென்றால் ஒரு நாள் இங்கே, ஒரு நாள் அங்கே என்று நிற்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் நின்றால், அந்தப் பக்கத்தில் ஏதோ ஒன்று அதைப் பிடித்து இழுக்கிறது என்று அர்த்தம். இயந்திரத்தின் காந்தப்புலத்தைக் கோணலாக்கும் ஏதோ ஒன்று. அந்தக் கோணல்தான் சுழற்சிக்கு பிரேக். மூன்று கற்றை போதும் என்ற என் கணக்கில் அப்படி ஒரு பிரேக் கிடையாது.

"மேற்குப் பக்கக் காந்தச் சுருளெல்லாம் பாத்தாச்சே" என்றேன். "எல்லாம் சரியாத்தானே இருக்கு. அதைத் தாண்டினா கூடத்துச் சுவர். சுவரைத் தாண்டினா..."

இருவரும் ஒரே நேரத்தில் ஜன்னலைப் பார்த்தோம்.

மின்நிலையத்தின் மேற்குச் சுவரை ஒட்டினாற்போல அமரர் தணிகாசலம் நின்றுகொண்டிருந்தார். முப்பது அடி உயரம். எங்கள் மின் ஆணையத்தின் நிறுவனத் தலைவர். இப்போதைய தலைவர் அருள்பிரகாசத்தின் தகப்பனார். திறப்பு விழாவின்போது, அப்பா சூரியனையே கையில் தாங்குவது போலப் படம் வர வேண்டும் என்று மகன் ஆசைப்பட்டார். அதனால் சிலையை இயந்திரக் கூடத்துக்கு எத்தனை நெருக்கமாக வைக்க முடியுமோ அத்தனை நெருக்கமாக வைத்தார்கள்.

இத்தனைக்கும் அந்தக் கூடத்தைச் சுற்றி இரும்பு என்ற பேச்சே கூடாது. சுவருக்குள் போட்ட கம்பிகூடக் காந்தம் ஒட்டாத எஃகு. காவலாளியின் இரும்பு நாற்காலியைப் பிடுங்கிவிட்டு பிளாஸ்டிக் நாற்காலி கொடுத்தோம். சிலை வருகிறது என்றதும் நான் கிருபாகரனிடம் போய் நின்றேன். வெண்கலம்தான், காந்தத்தோடு அதற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று சான்றிதழைக் காட்டினார். எதற்கும் ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்துவிடலாமே என்றேன். "உங்க அப்பா சிலைன்னா இப்படி உரசிப் பார்ப்பீங்களா மேடம்? தலைவர் காதுக்குப் போனா என் கதி என்ன?" என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார். காவலாளியின் நாற்காலியைச் சோதித்தவர்கள், ஒரு மலையையே கும்பிட்டு உள்ளே விட்டோம்.

இப்போது சிலையைச் சுற்றிச் சாரம் கட்டியிருந்தது. இரண்டு பேர் தோள்பட்டையில் உட்கார்ந்து பிரஷ்ஷால் எதையோ பூசிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன பண்றாங்க அங்க?"

"பிறந்தநாள் வருதுல்லா. பெயிண்ட் அடிக்காங்க. கடக்காத்துல நிறம் போயிருதாம்."

சொல்லிவிட்டு அவளே நிறுத்தினாள். "அக்கா, வெண்கலத்துக்கு எதுக்கு பெயிண்ட்?"

பிரிட்ஜ் கதவிலிருந்து அவள் ஒரு காந்தத்தைப் பிய்த்து எடுத்தாள். திறப்பு விழாவில் ஏழு மாவட்டத்திலும் வீட்டுக்கு ஒன்று என்று இலவசமாகக் கொடுத்த காந்தம். அதில் தணிகாசலம் வாயெல்லாம் பல்லாகச் சிரிப்பார். இருவரும் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தோம்.

சிலையின் இடது அக்குளில் பெயிண்ட் இன்னும் எட்டாத இடத்தில், இடுப்பு வரைக்கும் செம்பழுப்பாக ஒரு கோடு வழிந்திருந்தது. துரு. மாரிச்செல்வி குனிந்து, சிலையின் குதிகாலுக்குப் பக்கத்தில் காந்தத்தைக் கொண்டுபோனாள். அது அவள் விரலிலிருந்து தாவி, டக்கென்று ஒட்டிக்கொண்டது.

எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினேன். சாரத்தில் இருந்த இருவரும் பிரஷ்ஷை விட்டுவிட்டுக் கீழே எட்டிப் பார்த்தார்கள்.

அரை மணி நேரத்தில் கிருபாகரனின் அறையில் இருந்தேன். நான் சொல்லி முடிக்கும்வரை அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"சிலை கான்ட்ராக்ட் யார் எடுத்தாங்கன்னு தெரியுமா?"

"யாரு?"

"தலைவரோட மச்சான்."

"அப்ப அவரைக் கூப்பிட்டு விசாரிங்க."

"இசபெல்லா, புரிஞ்சுக்கோங்க. காரணம் தெரிஞ்சுபோச்சு, நல்லதுதான். மேற்குப் பக்கம் ஒரு திருத்தச் சுருள் வச்சுடலாம். சிலை எவ்வளவு இழுக்குதோ, அந்த அளவு அது எதிர்ப்பக்கம் இழுக்கும். சுழற்சி நிக்காது. இனிமே யாரும் சாகமாட்டாங்க. உங்களுக்கு வேண்டியதும் அதுதானே?"

"சிலை?"

"சிலை நிக்கட்டும்."

"ஒரு திருட்டு இரும்பை நிமிர்த்தி வைக்கிறதுக்காக, காலாகாலத்துக்கும் ஜனங்களோட மின்சாரத்தை அந்தச் சுருள்ல கொட்டப் போறீங்க. சரி. மாரிச்செல்வி?"

"ராஜினாமா எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க. கேஸ் வராம நான் பார்த்துக்கறேன்."

"செத்த பதினோரு பேருக்கும் அவ பேரை எழுதிட்டு, கேஸ் வராம பார்த்துக்குவீங்க."

"யாராவது ஒருத்தர் பேரை எழுதித்தானே ஆகணும்?" என்றார். அதை அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. மழை வந்தால் குடை எடுத்துத்தானே ஆக வேண்டும் என்பதுபோல் சொன்னார். அதுதான் எனக்கு அடக்க முடியாத ஆத்திரத்தைத் தந்தது. அங்கிருந்த பேப்பர் வெயிட்டை எடுத்து எறியாமல் வந்ததை இன்றைக்கும் என் பொறுமைக்குச் சாட்சியாகச் சொல்வேன்.

மறுநாள் விசாரணைக் குழுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீதிபதி சிதம்பரநாதன் குறுக்கே பேசாமல் கேட்டார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அது என் கோபத்தை இன்னும் கூட்டியது.

"ஆவணத்துல வெண்கலம்னு இருக்கேம்மா."

"எந்திரிச்சு என்கூட வாங்க சார். கூப்பிடு தூரம்தான். நானே காந்தம் தரேன்."

"சிலையைச் சோதிக்க இந்தக் குழுவுக்கு அதிகாரம் கொடுக்கப்படலை. மக்கள் மனசு புண்படற விஷயம். நாளைக்கு ஒரு கலவரம் வந்தா?"

"செத்தவங்க வீட்டுல புண்படலையா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். அடுத்த வாரம் அறிக்கை வந்தது. ஆப்பரேட்டரின் கவனக்குறைவு. குற்ற வழக்குப் பதியப் பரிந்துரை.

மாரிச்செல்விக்குப் போன் செய்தேன். "ராஜினாமா எழுத மாட்டேன் அக்கா" என்று மட்டும் சொன்னாள். பிறகு, "பிறந்தநாள் விழாவுக்கு நீங்க வருவீங்கள்லா?" என்று கேட்டாள். நான் அவளைத் திட்டிவிட்டு வைத்தேன்.

விழாவன்று சிலைக்கு கிரேன் வைத்து மாலை போட்டார்கள். பந்தல், பட்டாசு, நாகசுரம், ஒன்றுக்கும் குறைவில்லை. ஊர்ச் சனமும் ஊழியர்களும் வரிசையில் வந்து காலடியில் பூப்போட்டுப் போனார்கள். தலைவர் அருள்பிரகாசம் மேடையில் வீற்றிருந்தார். அவர் காதுக்குப் பக்கத்திலேயே கிருபாகரன். வரிசையில் மாரிச்செல்வியைப் பார்த்ததும் சனம் விலகியது. ஒரு பெண் பிள்ளையை இழுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். மாரிச்செல்வி தலையைக் குனியாமல் நடந்து வந்தாள். கையில் பூ இல்லை.

தணிகாசலத்தின் கால் பெருவிரலில் தணிகாசலத்தின் சிரித்த முகத்தை ஒட்டிவிட்டு, தள்ளி நின்றாள்.

கூட்டத்தில் சலசலப்பு. இன்ஸ்பெக்டர் ஓடி வந்தார். "என்னம்மா இது? தலைவர் சிலையை அவமானம் பண்றியா?"

"அவங்க படத்தைத்தான் சார் அவங்க காலடியில வச்சேன்."

மேடையிலிருந்து அருள்பிரகாசம் மைக்கிலேயே கத்தினார். "யாருய்யா அந்தப் பொண்ணு? பதினோரு உசுரை எடுத்தது பத்தாதா? கேஸ் எழுதுங்க! உள்ள தள்ளுங்க!"

"ஆமா சார், எழுதுங்க" என்றாள் மாரிச்செல்வி. அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். "என் பேரு மாரிச்செல்வி. வெண்கலச் சிலையில காந்தத்தை ஒட்டினேன். ஒட்டிக்கிச்சு. அப்படியே எழுதுங்க. நாளைக்கு கோர்ட்டுல கேப்பாங்கள்லா, வெண்கலத்துல காந்தம் எப்படி ஒட்டுச்சுன்னு? அங்க வச்சு நான் பதில் சொல்லுதேன்."

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்திருந்தார். எழுதவில்லை. காந்தத்தைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். கிருபாகரன் தலைவரின் காதில் ஏதோ வேகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தலைவரின் கை மைக்கை மூடியது. இன்ஸ்பெக்டர் பேனாவையும் மூடினார்.

"சரி சரி, அதை எடுத்துட்டுக் கிளம்பும்மா. நல்ல நாள் அதுவுமா எதுக்கு..."

அப்போது கூட்டத்திலிருந்து ஒருவன் வந்தான். மொட்டையடித்த தலையில் முடி இப்போதுதான் முளைத்திருந்தது. கை நகங்களில் கிரீஸ். மாரிச்செல்வி ஓரடி பின்வாங்கியதைப் பார்த்துத்தான் அவன் சண்முகதுரை என்று எனக்குப் புரிந்தது. நான் அவளுக்கு முன்னால் போய் நின்றேன்.

அவன் எங்களைக் கவனிக்கவே இல்லை. குனிந்து, காந்தத்தை நகத்தால் நெம்பி எடுத்தான். மறுபடி அருகில் கொண்டுபோனான். டக். மறுபடி எடுத்தான். டக். இரும்போடு பிழைக்கிறவன். அவனுக்கு யாரும் கற்பூரத் தட்டைக் காட்டி விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் இது இரும்பு என்பதற்கும் அவன் அப்பாவின் சாவுக்கும் என்ன சம்பந்தம் என்று அவனுக்குத் தெரியவில்லை. நிமிர்ந்து மாரிச்செல்வியைக் கேட்டான்.

"இரும்பா இருந்தா என்ன?"

"இது இழுத்ததுலதான் உள்ள சுழல் நின்னுது அண்ணாச்சி" என்றாள் அவள். "வெண்கலமா இருந்திருந்தா, அன்னைக்கு கரண்ட் போயிருக்காது."

அவன் சிலையை அண்ணாந்து பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். மேடையிலிருந்து தலைவரின் கார் நின்ற பக்கமாகச் சிலர் இறங்கிக்கொண்டிருந்தார்கள். சண்முகதுரை காந்தத்தைப் பழைய இடத்திலேயே ஒட்டினான். பிறகு இன்ஸ்பெக்டரிடம் போனான்.

"சார், அந்தப் புள்ள மேல கேஸ் எழுத மாட்டீங்கன்னா, என் பேரை எழுதிக்கோங்க. நானும் ஒட்டினேன். எங்க அய்யா செத்ததுக்கும் நான் ஒரு கேஸ் குடுக்கணும். இத்தனை நாளா தப்பான வீட்டுக் கதவைத் தட்டிட்டேன்."

வரிசையில் நின்றிருந்த ஒரு கிழவர் பூவைக் கீழே வைத்துவிட்டு, வீட்டில் அந்தக் காந்தம் இன்னும் கிடக்கிறதா என்று மருமகளிடம் கேட்டார். பிள்ளையை மறைத்துக்கொண்டிருந்த பெண் முந்தானையை விலக்கினாள்.

தலைவரின் கார் கிளம்பும் சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டர் அது போகும் வரைக்கும் காத்திருந்தார். பிறகு பேனாவைத் திறந்து, மாரிச்செல்வியைப் பார்த்தார்.

"முதல்லேர்ந்து சொல்லும்மா" என்றார். "மெதுவா."